கழுத்துக்கு, காதுக்கு, பெட்டிக்கு

கடைக்குள் வைத்து ராத்தா ஒருநாளும் முத்தைப் பார்த்ததில்லை. புத்தளம் டவுனில் எந்த நகைக்கடைக்குப் போனாலும், மாலையைக் கையில் வாங்கியதும் விறுவிறென்று வாசலுக்கு வந்துவிடுவார். கடைக்காரர் பதறியடித்துக்கொண்டு பின்னால் வருவார். நேர் வெயில் விழாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள மூலை ஒன்றைப் பிடித்து, தன் வெள்ளை முக்காட்டின் தலைப்பை விரித்து, அதில் மாலையைப் போடுவார். காலை ஒன்பது மணிக்கு முன்னரும் பார்க்கமாட்டார், பின்னேரம் அஸர் பாங்குக்குப் பிறகும் பார்க்கமாட்டார்.

“கடை லைட்டுக்குக் கீழ எல்லாக் குமர்ப்பொண்ணும் வெள்ளைதான் புள்ள,” என்பார்.

நாங்கள் எல்லோரும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றே கூப்பிட்டோம். சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கள் காலனி ஆட்கள் அந்தப் பெயரோடு ஒட்டிவைத்திருக்கும் இன்னொரு சொல்லும் கூடவே வரும். அந்தச் சொல் ஒட்டியதில் எனக்கும் பங்கிருக்கிறது. அந்த வெட்கம் இத்தனை வருசம் கழிந்தும் போகவில்லை.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு ஆயுத இயக்கத்தால் வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம் சனம் நாங்கள். குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் ஓலைக் கொட்டிலில் தொடங்கி, கல் வீட்டுக்கு வந்து சேர இருபது வருசம் பிடித்தது. நான் தையல் மெஷின் வைத்திருந்தேன். ராத்தா என் பக்கத்து வீடு. யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த கையோடு கல்யாணங்கள் பெருகின. வெளிநாட்டுக் காசும் புழங்கியது. தங்கத்தோடு முத்து மாலையும் போட்டால்தான் பெண் பெண்ணாகத் தெரிவாள் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, எல்லோரும் முத்துக்குப் பின்னால் ஓடினார்கள். கடைகளில் “அசல் மன்னார் முத்து” என்று எழுதி வைத்து, எங்கோ தூரதேசத்து ஏரியில் வளர்த்ததை விற்றார்கள்.

அதனால் கல்யாண நகை எடுக்கப் போகிறவர்கள் ராத்தாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கூலி வாங்கமாட்டார். பால் விடாத ஒரு பிளேன்டீ குடிப்பார், அவ்வளவுதான்.

என் தங்கச்சியின் மகளுக்கு நகை எடுக்கப் போன அன்று கடைக்காரர் நல்ல உஷாராகத்தான் இருந்தார். மாலையை வெல்வெட் பெட்டியோடு நீட்டி, “இது மூணு ஏ தரம் உம்மா. இதுக்கு மேல இல்ல,” என்றார்.

“இந்த ஏ-யை யார் போட்டது தம்பி?”

“நாங்கதான்.”

“பாடம் நடத்துறதும் நீங்க, பரீட்சை வைக்கிறதும் நீங்க, புள்ளி போடுறதும் நீங்க. அப்ப எப்பிடி உங்கட புள்ள பெயிலாகும்?”

கடையே சிரித்தது. ராத்தா சிரிக்கவில்லை, வாசலுக்கு நடந்துவிட்டார்.

முதலில் ஒளியைப் பார்ப்பார். “முத்துக்குள்ள உன்ட மூஞ்சி தெரியுதா பாரு. கரை தெளிவாத் தெரியணும். புகைபுடிச்ச மாதிரித் தெரிஞ்சா திருப்பிக் குடுத்திட்டு வா.” அதற்குப் பிறகு தோல். விரல் நுனியில் முத்தை உருட்டி, புள்ளியோ குழியோ இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு வடிவம். மாலையை விரித்த துணியில் மெதுவாக உருட்டுவார். உருண்டை தப்பிய முத்து ஒன்று இருந்தால் மாலை அந்த இடத்தில் ஒரு சின்னத் துள்ளல் போடும். நிறத்தைப் பெண்ணின் கழுத்தோடு வைத்துத்தான் பார்ப்பார். கறுத்த பெண்ணுக்கு மஞ்சளோடிய முத்தும், வெளுத்த பெண்ணுக்கு ரோஸ் ஓடிய முத்தும் எடுக்கச் சொல்வார். கடைக்காரர்கள் முதலில் காட்டுகிற பருமனை அவர் கடைசியில்தான் பார்ப்பார். “பெருசுதான். பூசணிக்காயும் பெருசுதான்,” என்பார்.

அதோடு முடியாது. மாலையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, ஒரு நுனியிலிருந்து கண்ணை ஓட்டுவார். கூட்டத்தோடு சேராத முத்து அப்போது தனியே நிற்கும். துளையின் வாயைப் பார்ப்பார். உள்ளே மணி வைத்து மேலே மெல்லிசாகப் படிய விட்ட முத்தென்றால் துளைக்குள் ஒரு கோடு தெரியும். எல்லாவற்றுக்கும் பிறகு முத்தைப் பல்லில் உரசுவார். அசல் முத்து பல்லில் மணல்போல் நெருடும், போலி வழுக்கும். இந்த இடத்தில்தான் கடைக்காரர்களுக்குப் பொறுமை போகும்.

“எச்சிப்படுத்தாதீங்க உம்மா!”

“கழுவிக் குடுக்கிறன் தம்பி. உங்கட முத்துக்குத் தண்ணி பட்டா ஒண்டும் ஆகாதுதானே?”

அவர் மூன்றே மூன்று தரம்தான் வைத்திருந்தார். கழுத்துக்கு, காதுக்கு, பெட்டிக்கு. கழுத்தில் கிடக்கிற முத்து உருளும், எல்லாப் பக்கமும் காட்டும், அதனால் எல்லாப் பக்கமும் சுத்தமாக இருக்கவேண்டும். காதில் கிடப்பது ஒரு பக்கம்தான் காட்டும், பழுதைப் பின்னால் திருப்பிவிடலாம். இரண்டுக்கும் ஆகாதது பெட்டிக்கு. மனிதர்களையும் அவர் இந்தக் கணக்கில்தான் போடுவார். மேடையில் ஏறி அகதிகளுக்காகக் கண்ணீர்விட்ட ஒருவரைக் “காதுத் தரம்” என்று ஒரே சொல்லில் முடித்தார். நான் என்ன தரம் என்று கேட்டேன். “நீ பெட்டிக்குப் புள்ள. வெளிய எடுத்தா ஆரோடயாவது உரசிக்கிடுவ,” என்றார். இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை.

இதெல்லாம் அவர் படித்தது பஹ்ரைனில். புருசன் அகதி முகாமிலேயே மவுத்தாகிவிட, ஆறு வயது மகள் றிஸ்னாவை அவளுடைய சின்னம்மா, சாச்சியிடம் விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போனவர். போன வீட்டுக்காரர் பழைய முத்து வியாபாரி. வயதாகி அவருக்குக் கண் மங்கிவிட்டது. ஜன்னலோரம் துணியை விரித்து முத்தைப் பரப்பி, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ராத்தாவைக் கூப்பிட்டு, இதில் எது அதிகம் மின்னுகிறது, எதில் குழி இருக்கிறது என்று கேட்பாராம். வருசக்கணக்காக அவருக்குக் கண்ணாக இருந்திருக்கிறார் இவர். ஒருநாளாவது மாற்றிச் சொல்லிப் பார்த்தீர்களா என்று நான் விளையாட்டாகக் கேட்டபோது ராத்தாவின் முகம் மாறியது.

“கண் தெரியாத மனுசன் நம்பிக் கேக்கேக்குள்ள பொய் சொன்னா, அதுக்குப் பேர் களவு,” என்றார்.

திரும்பி வந்தபோது றிஸ்னா குமராகியிருந்தாள். ராத்தா வெங்காயத் தோட்டங்களில் தரம் பிரிக்கிற கூலி வேலைக்குப் போனார். அங்கேயும் அதே பிடிவாதம். அழுகல் ஒன்றைக் கூட மூட்டைக்குள் விடமாட்டார் என்று முதலாளிமார் முணுமுணுத்தார்கள்.

அந்த வாய்தான் மகளுக்கு எதிரியாக நின்றது. முதலாவது சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளையின் தங்கச்சி, தன் தோட்டைத் தொட்டுக் காட்டி, “டுபாய் முத்து, எப்பிடி மாமி?” என்று ஆசையாகக் கேட்டாள். ராத்தா காதருகே குனிந்து பார்த்துவிட்டு, “கண்ணாடியில பூச்சு போட்டிருக்கு மகள். வேர்வை பட்டா உரியும்,” என்றார். அந்தச் சம்பந்தம் வாசலோடு போனது. அடுத்ததும் ஏறக்குறைய அப்படித்தான். “அந்த வீட்டுல பொண்ணெடுத்தா வாயைப் பொத்திக்கிட்டுத்தான் குடும்பம் நடத்தணும்,” என்று ஊர் பேசியது. றிஸ்னாவுக்கு முப்பது தாண்டியது. அவள் உம்மாவோடு பேசுவது குறைந்தது. ராத்தாவுக்கு இது தெரியாமல் இல்லை. வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்து வாசலில் குந்தியிருந்து, “நான் மவுத்தானா இந்தப் புள்ளைக்கு ஆரு?” என்று என்னிடம் கேட்பார்.

மூன்றாவது சம்பந்தம் நுரைச்சோலையிலிருந்து வந்தது. மாப்பிள்ளை நாற்பதை எட்டிக்கொண்டிருந்தவர், முந்தி ஒருமுறை கல்யாணம் முடித்துப் பிரிந்தவர், வாகனம் ஓட்டுகிறவர். எங்களைப்போல மன்னாரிலிருந்து வந்த குடும்பம். இதுவும் போனால் இனி ஒன்றும் வராது என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வருவதற்கு முதல் நாள் நான் ராத்தாவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“ராத்தா, நாளைக்கு ஒருநாள் மட்டும் குருடியா இருங்க.”

அவர் தலையை ஆட்டினார்.

வந்தவர்கள் வட்டிலப்பம் சாப்பிட்டார்கள். பேச்செல்லாம் நல்லபடியாக முடிந்தது. எழும்புகிற நேரம் மாப்பிள்ளையின் உம்மா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பஞ்சுக்குள் ஒரு முத்து மாலை.

“இது என்ட உம்மாட மாலை, மதினி. ஆணி முத்து எண்டு சொல்லுவாங்க,” என்றார். எங்கள் கரையில் முதல் தரத்துக்கு ஆணி என்று பெயர். “தொண்ணூறுல வெளிக்கிடச் சொன்ன நேரம் நகை ஒண்டும் கொண்டுபோக விடல்லத்தானே. நான் இதைத் தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலுக்குள்ள தாட்டுட்டன். பாதையில போத்தலைத் தொறந்து பாத்தாங்க, ஊறுகாய்தானே எண்டு விட்டுட்டாங்க. வள்ளத்தில வந்து கல்பிட்டியில இறங்கினம். முகாமுல களவு போயிடும் எண்டு ரெண்டு மாசம் போத்தலுக்குள்ளேயே வெச்சிருந்தன். கொஞ்சம் மங்கித்தான் இருக்கு. வயசு போனா மனுசரும் மங்குறதுதானே. உங்களுக்குத்தான் முத்து தெரியுமாமே, சொல்லுங்க, என்ன தரம்?”

ராத்தா மாலையை வாங்கியதும் பழக்கத்தில் வாசலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். முக்காட்டுத் தலைப்பை விரித்து மாலையைப் போட்டார். வெள்ளைத் துணியில் எண்ணெய் ஊறியது. மினுங்குவதற்காகத் தேங்காயெண்ணெய் பூசியிருந்தார்கள். ராத்தா ஒரு முத்தை உருட்டினார், அடுத்ததை உருட்டினார், துளைகளைப் பார்த்தார். பல்லில் உரசப் போகவில்லை. அவருடைய தோள் இறங்கியதை நான் கண்டேன். உள்ளே பிளாஸ்டிக் கதிரைகளில் எல்லோரும் காத்திருந்தார்கள். திரைச்சீலைக்குக் கீழே றிஸ்னாவின் பாதம் இரண்டும் தெரிந்தன. நான் ராத்தாவின் இடுப்பில் நன்றாக ஒரு கிள்ளுக் கிள்ளினேன்.

“ஆணிதான் மதினி,” என்றார் ராத்தா. “கழுத்துக்கு.”

அவர்கள் போன பிறகு கிணற்றடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் விசயத்தைச் சொன்னார். “தேசிக்காய்ப் புளி திண்டிட்டுது புள்ள. முத்துக்குப் புளி ஆகாது. தோல் முழுக்கக் குழி, துளையெல்லாம் வாய் பிளந்து கிடக்கு. அதுல உயிரே இல்ல, சுண்ணாம்புதான் மிச்சம். ஆணியாத்தான் இருந்திருக்கும், ஊறுகாய்க்குள்ள போற வரைக்கும்.” நான் சொன்னேன், “போகட்டும் ராத்தா. கழுத்துலதானே கிடக்கப்போகுது, கடைக்கா போகப்போகுது?” இதைவிட மடத்தனமான கதையை என் ஆயுளில் நான் கதைத்ததில்லை.

கல்யாணம் நடந்தது. எங்கள் வழமைப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து குடியிருந்தார். மாலை ராத்தாவின் அலுமாரிக்குள் வந்தது. அதன் பிறகு நகைக்கடைக்கு யார் கூப்பிட்டாலும் ராத்தா போகவில்லை. கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுவார். கண்ணில் ஒரு பூவும் இல்லை. இந்த இரண்டாவது பொய்யை அவர் முதல் பொய்யை விடச் சுலபமாகச் சொன்னார். அதைக் கேட்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வருசம் போனது. றிஸ்னாவுக்கு ஒரு பெண் குழந்தை கிடைத்தது. மாப்பிள்ளைக்கு மன்னாரில் அவருடைய வாப்பாவின் காணி காடு மண்டிக் கிடந்தது. காட்டை வெட்டி, சின்னதாக வீடு கட்டி, ஊருக்கே போய்விடலாம் என்று ஆசைப்பட்டார். கையில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவருடைய உம்மா, “ஆணி முத்து கிடக்கே,” என்றார். ராத்தா மறித்துப் பார்த்தார். பழைய மாலை, ராசியான மாலை, விற்கவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லுங்கள் என்று நானும் சொல்லவில்லை. உம்மாவும் மகனும் மாலையை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறினார்கள்.

மறுநாள் மத்தியானம் லுஹர் நேரம் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா முற்றத்தில் நின்றுகொண்டே மாலையை ராத்தாவின் காலடியில் எறிந்தார்.

“கொழும்பில நாலு கடை ஏறி இறங்கினம். நாலு பேரும் சிரிக்கிறான். ஒரு பிளேன்டீக்கும் பெறாதாம். என்ட உம்மாட முத்து எங்க?”

“இதுதான் மதினி அது,” என்றார் ராத்தா. “நீங்க கொண்டுவந்த அண்டைக்கே இது செத்த முத்து. நான்தான் பொய் சொன்னன்.”

“நீங்க பொய் சொன்னீங்களா? எதிர்ல இருக்கிறவ மூஞ்சிக்கு நேர கண்ணாடி எண்டு சொல்ற ஆளு நீங்க. இந்த ஊருல ஆரும் இதை நம்புவாங்களா? ஆணி எண்டு நீங்களே கண்ணால பாத்துச் சொல்லி, உங்கட அலுமாரிக்குள்ளதானே வெச்சிருந்தீங்க? நல்லதுக்குப் பதிலா கெட்டதைக் கோர்த்து வைக்க உங்கள விட்டா இந்தக் கரையில ஆருக்குத் தெரியும்?”

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் பொய்யாக அழவில்லை. தன் உம்மாவின் முத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்ததாக இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்தவர். தன் கையாலேயே அதைக் கொன்றுவிட்டார் என்பதை எப்படி ஒப்புக்கொள்வார்? ராத்தா திருடினார் என்று நம்புவது அவருக்கு லேசாக இருந்தது.

பள்ளிவாசல் மண்டபத்தில் விசாரித்தார்கள். பெண்கள் நாங்கள் திரைக்குப் பின்னால் இருந்தோம்.

“அப்ப அண்டைக்கு ஏன் ஆணி எண்டு சொன்னீங்க?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“மகளுக்காக.”

“இண்டைக்கு ஆருக்காகச் சொல்லுறீங்க?”

நான் குரலை உயர்த்தி, அன்றைக்கே கிணற்றடியில் என்னிடம் சொன்னார், நான்தான் அவரைக் கிள்ளினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். “அப்ப உங்களுக்கும் தெரிஞ்சுதான் ஏமாத்தியிருக்கீங்க,” என்றார் அந்தப் பெரியவர். அவர் சொன்னது நியாயம்தான். அடுத்த கிழமை, மட்டிச் சிப்பி ஒன்றைத் தேசிக்காய்ப் புளிக்குள் போட்டு வைத்து, அது நுரைத்துக் கரைந்து தாள்போல் ஆன பிறகு போத்தலோடு தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். “சிப்பியும் முத்தும் ஒண்டா தங்கச்சி?” என்று கேட்டுச் சிரித்து அனுப்பிவிட்டார்கள். வரும் வழியில் போத்தலை வேலியோரம் எறிந்துவிட்டு அழுதேன்.

மாப்பிள்ளை தன் உடுப்புகளை ஒரு பேக்கில் போட்டுக்கொண்டு போனார். முத்து வந்தால் வருவேன் என்று வாசலில் நின்று றிஸ்னாவிடம் சொன்னார். சண்டை பிடிக்கவில்லை, கை நீட்டவில்லை. குழந்தையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார். வெங்காயத் தோட்டத்தில் ராத்தாவை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். பஹ்ரைனிலும் இப்படித்தான் எடுத்திருப்பா என்று பெண்கள் குழாயடியில் பேசினார்கள். அவர் தரம் பார்த்துக் கொடுத்த மாலைகளைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் பேசினார்கள்.

மாப்பிள்ளை போய் ஒரு மாதம் இருக்கும். காலையில் நான் சோறு கொண்டுபோயிருந்தேன். ராத்தா பாயில் இருந்து குழந்தையின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். றிஸ்னா குசினியிலிருந்து வந்து உம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் உம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

“உம்மா, நான் ஆருட்டயும் சொல்லமாட்டன். அல்லாஹ்வுக்காக எனக்கு மட்டும் சொல்லுங்க. அந்த நல்ல முத்தை எங்க வெச்சிருக்கீங்க?”

நான், “றிஸ்னா!” என்றேன். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ராத்தா குழந்தையின் காலை மெதுவாகக் கீழே வைத்தார். எண்ணெய்க் கையை முக்காட்டில் துடைத்தார். இடுப்பிலிருந்து அலுமாரிச் சாவியை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். அவள் தேடமாட்டாள், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று நான் நினைத்தேன். ராத்தாவும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும்.

றிஸ்னா சாவியை எடுத்துக்கொண்டு எழும்பி உள்ளே போனாள். அலுமாரி திறந்தது. ஒவ்வொரு சாரியாக உதறுகிற சத்தம் லுஹருக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது.